ஸ்டேஷன் ஒரு பக்கம், டவர் ஒரு பக்கம்: சென்னைப் புறநகர் ரயிலும் உயர மாடிகளும் - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம் தாண்டி ஃப்ளாட் தேடுகிறவர்கள், நங்கநல்லூரில் பழைய அபார்ட்மென்ட்டை இடிக்கலாமா என்று கூட்டம் போடுகிறவர்கள், பக்கத்துக் காலி நிலத்தில் டவர் வரப்போகிற போர்டைப் பார்த்துத் திகைத்து நிற்கிறவர்கள் என மூன்று தரப்பினரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். மின்சார ரயிலுக்கும் மாடி உயரத்துக்கும் என்ன சம்பந்தம்? பதில்கள் முடிந்தவரை சென்னையை வைத்தே. வெளியூர் உதாரணம் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் வெளியே போயிருக்கிறேன்.

ரயில் வந்தால் அந்த ஊரில் மாடிகள் உயரும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. ரயில் ஆளைக் கொண்டுவரும். ஆள் வந்தால் நிலத்தின் விலை ஏறும், விலை ஏறினால் மேலே மேலே கட்டத் தோன்றும். இதுவரைக்கும் சரி. ஆனால் தோன்றினால் மட்டும் கட்டிவிட முடியாது. மனை எவ்வளவு பெரியது, முன்னால் இருக்கிற ரோடு எத்தனை அடி, தலைக்கு மேலே விமானம் போகிறதா, இந்த மூன்றும்தான் சென்னையில் உயரத்தை முடிவு செய்கின்றன. ரயில் நான்காவதாகத்தான் வரும். அதனால்தான் ரயில் நன்றாக ஓடுகிற இடத்தில் ஐந்து மாடிக்கு மேல் காணோம், டவர்கள் நிற்கிற இடத்தில் ரயிலைக் காணோம்.

கடற்கரை–தாம்பரம் தடம் அவ்வளவு பழையது. அதை ஒட்டி ஏன் வரிசையாக டவர்கள் இல்லை?

பழையது என்பதே காரணம். அந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அன்றைக்கு அது மீட்டர் கேஜ். அடுத்த ஐம்பது, அறுபது வருடங்களில் ஸ்டேஷனைச் சுற்றியிருந்த வயலும் தோப்பும் லேஅவுட் போட்டு, ஒரு கிரவுண்ட், அரை கிரவுண்ட் மனைகளாக விற்கப்பட்டன. வாங்கியவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு பாரிமுனைக்கும் கோட்டைக்கும் வேலைக்குப் போனவர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு தனி வீடும் கிணறும் நாலு தென்னை மரமும். ரோடு இருபது, முப்பது அடி இருந்தால் போதும் என்று விட்டார்கள்.

இப்போது அதே மனையில் உயரமான கட்டடம் கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. 40-க்கு 60 அடி மனை என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் சொன்னால் அகலம் 12.2, நீளம் 18.3. உயரமான கட்டடத்துக்கு நாலா பக்கமும் குறைந்தது 7 மீட்டர் காலியாக விட வேண்டும். 30 மீட்டர் உயரம் வரைக்கும்தான் இந்த 7. அதற்கு மேலே ஒவ்வொரு 6 மீட்டருக்கும் இன்னொரு மீட்டர் சேரும். இடது பக்கம் 7, வலது பக்கம் 7 என்று விட்டால் 14 மீட்டர் போய்விடும். மனையின் அகலமே 12.2தான்! கட்டடத்துக்கு இடமில்லை என்பதோடு நிற்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து ஆறடி கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

அடுத்தடுத்த மனைகளைச் சேர்த்து வாங்கினால்? வாங்கலாம். 15 மீட்டர் அகலத்தில் ஒரு சுமாரான டவர் வர வேண்டுமென்றாலே மனைக்கு 29 மீட்டர், ஏறக்குறைய 95 அடி அகலம் வேண்டும். அதற்கு இரண்டு, மூன்று வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் சம்மதிக்க வேண்டும். அதில் ஒருவருடைய பிள்ளைகள் அமெரிக்காவில், இன்னொரு வீட்டில் பாகப்பிரிவினை வழக்கு, மூன்றாவது வீட்டுப் பாட்டி உயிரோடிருக்கும்வரை இடிக்க விடமாட்டார். இத்தனையும் கூடி வந்தாலும் ரோடு முப்பது அடியாகவேதான் இருக்கும்.

எத்தனை மாடி வந்தால் அதை உயரமான கட்டடம் என்கிறார்கள்?

மாடியை எண்ணுவதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரை, அதாவது அறுபது அடியைத் தாண்டினால் உயரமான கட்டடம். அதற்குள் அடங்கினால் சாதாரணக் கட்டடம். முன்பு இந்த எல்லை 15.25 மீட்டராக இருந்தது. அந்தப் பத்தடி கூடியதால்தான் 'ஸ்டில்ட் ப்ளஸ் ஃபோர்' (கீழே தூண்களோடு பார்க்கிங், மேலே நாலு மாடி) என்றிருந்த தெருக்களெல்லாம் இப்போது 'ஸ்டில்ட் ப்ளஸ் ஃபைவ்' ஆகின்றன. பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் கட்டடங்களின் தலை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டாற்போல நிற்பது தெரியும். அது விதி போட்ட கோடு.

எஃப்.எஸ்.ஐ. என்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற கணக்கு. 2019 விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு 2. உயரமான கட்டடத்துக்கு 3.25. அதற்கு மேல் வேண்டுமானால் ரோட்டின் அகலத்தைப் பொறுத்து, அரசுக்குப் பணம் கட்டி, பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். அதிகபட்சம் இன்னொரு பாதி.

பில்டரின் மேசையில் இது எப்படித் தெரியும் என்று பாருங்கள். பத்து கிரவுண்ட் நிலம், சதுர அடி 8,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நிலத்துக்கு 19 கோடியே 20 லட்சம். குறியீடு 2 என்றால் 48,000 சதுர அடி கட்டலாம். கட்டுகிற ஒவ்வொரு சதுர அடி மீதும் நிலத்தின் விலை மட்டும் 4,000 ரூபாய் உட்கார்ந்துகொள்ளும். 3.25 கிடைத்தால் 78,000 சதுர அடி. அந்தச் சுமை 2,460 ரூபாய்க்கு இறங்கிவிடும். ஆயிரத்தைந்நூறுக்கு மேல் மிச்சம். இதற்காகத்தான் அவர் உயரத்துக்கு ஆசைப்படுகிறார், வானத்தைத் தொட வேண்டுமென்ற கனவெல்லாம் கிடையாது. தீயணைப்புப் படிக்கட்டு, கூடுதல் லிஃப்ட், ஆழமான அஸ்திவாரம் என்று உயரத்துக்கே உண்டான செலவு அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். நிலம் மலிவாக இருக்கிற ஊரில் மிச்சம் முழுதுமே போய்விடும். அங்கே யாரும் உயரே போகமாட்டார்கள்.

இதில் ரயிலுக்கு எங்கே இடம்? விதியில் உயரத்தைத் தீர்மானிப்பது ரோட்டின் அகலம். உயரமான கட்டடம் என்றால் முன்னால் குறைந்தது 12 மீட்டர் ரோடு, முழு 3.25 வேண்டுமானால் 18 மீட்டர் ரோடு. ஸ்டேஷன் வாசலில் இருக்கிற மனையா, ஸ்டேஷனிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மனையா என்று இந்தக் கணக்கு கேட்பதேயில்லை. என்னைக் கேட்டால் சென்னைப் புறநகரின் மொத்தக் கோளாறும் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது. கார் போகிற அகலத்துக்கு உயரம் கொடுக்கிறோம், ஆள் நடக்கிற தூரத்துக்குக் கொடுப்பதில்லை.

பல்லாவரம், குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோடு (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) அகலமாகத்தானே இருக்கிறது? அங்கேயும் ஏன் உயரவில்லை?

விமானம். மீனம்பாக்கம் ஓடுதளத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்று விமான நிலைய ஆணையம் வண்ணம் பிரித்த வரைபடம் வைத்திருக்கிறது. அவர்களிடம் தடையின்மைச் சான்று வாங்காமல் உயரே போக முடியாது. அந்தச் சான்றில் உயரம் தரையிலிருந்து சொல்லப்படுவதில்லை, கடல் மட்டத்திலிருந்து சொல்லப்படும். உங்கள் மனை மேட்டில் இருந்தால் கட்டடத்துக்குக் கிடைப்பது அவ்வளவு குறையும். லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள் அடக்கம்.

கொஞ்சம் தெற்கே வந்தால் தாம்பரம் விமானப்படைத் தளம். நடுவில் பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட், ராணுவ நிலம், அதற்கென்று தனிக் கட்டுப்பாடுகள். ஆக, நகரத்திலேயே அடிக்கடி மின்சார ரயில் ஓடுகிற பத்துப் பதினைந்து கிலோமீட்டர், உயரம் கட்ட முடியாத பட்டையில் வந்து விழுந்திருக்கிறது. இதை மாற்ற ஒன்றும் செய்வதற்கில்லை. விமான நிலையத்தை நகர்த்த முடியாது, தண்டவாளத்தையும் நகர்த்த முடியாது.

அப்படியானால் தாம்பரத்துக்குத் தெற்கே டவர்கள் எழும்புவது எப்படி?

வண்டலூர் தாண்டினால் ஓடுதளத்தின் பிடி தளர்கிறது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று போகப் போகப் பெரிய நிலங்கள் ஒரே கையில் கிடைக்கின்றன. ஏக்கர் கணக்கில் விவசாய நிலம், மூடிய தொழிற்சாலை, பண்ணை. ஜி.எஸ்.டி. ரோடு அகலம். மகேந்திரா சிட்டி, ஒரகடம், மறைமலை நகர்த் தொழிற்பேட்டை என்று வேலையும் பக்கத்தில். பில்டர் கேட்பது எல்லாம் இருக்கிறது. விளம்பரத்தில் 'ரயில் நிலையம் அருகில்' என்று போட்டுக்கொள்ள ரயிலும் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால் அந்த ரயில்தான் மெலிந்தது. எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே புறநகர் ரயிலுக்கென்றே தனிப் பாதை உண்டு. தாம்பரத்துக்குத் தெற்கே அப்படியில்லை. பாண்டியனும் வைகையும் போகிற தண்டவாளத்தில்தான் செங்கல்பட்டு லோக்கலும் போக வேண்டும். மூன்றாவது பாதை போட்ட பிறகு நிலைமை தேவலை என்றாலும், கடற்கரையிலிருந்து கிளம்புகிற வண்டிகளில் நிறைய தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. ஐந்து மாடி ஊருக்கு அடிக்கடி வண்டி, இருபது மாடி ஊருக்கு எப்போதாவது வண்டி. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ரயில்வே ஒரு மேசை, கட்டட அனுமதி தருகிற சி.எம்.டி.ஏ. ஒரு மேசை, நெடுஞ்சாலைத் துறை ஒரு மேசை என்று தனித்தனியாக உட்கார்ந்து வேலை பார்த்ததன் பலன்.

ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் ரோடு) ரயிலே இல்லாமல் டவர் வந்ததே?

அதுதான் முன்னே சொன்னதற்குச் சாட்சி. நாவலூர், ஏகாட்டூர், படூர், சிறுசேரி என்று சென்னையின் உயரமான குடியிருப்புகள் பல ரயில் எட்டாத இடத்தில்தான் எழுந்தன. ஆறு வழி ரோடும் ஐ.டி. கம்பெனிகளும் பெரிய நிலமும் போதுமாக இருந்தன. அலுவலகத்துக்குக் கம்பெனி பஸ், மற்றதற்கெல்லாம் கார். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம்–சிறுசேரி தடம் இப்போதுதான் அந்த ரோட்டின் நடுவில் தூண்களாக நிற்கிறது. முதலில் ரயில், பிறகு மாடி என்பது பாடப்புத்தக வரிசை. இங்கே மாடி வந்து ஒரு தலைமுறை கழித்து ரயில்.

ஐ.டி. டவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாக்கத்தை மறந்துவிடுவார்கள். நகரத்துக்குள் கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே அரசு கட்டிய எட்டு மாடிக் குடியிருப்புகளில் இருக்கின்றன. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் தினமும் மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டை போக வேண்டியவர்கள். மின்சார ரயில் யாருக்கு ரொம்பத் தேவையோ, அவர்களை ரயில் இல்லாத இடத்தில் மாடி ஏற்றி வைத்திருக்கிறோம். வேளச்சேரி ஸ்டேஷனுக்கு வரவே அவர்களுக்கு ஒரு பஸ் பிடிக்க வேண்டும்.

பறக்கும் ரயில் என்ன செய்தது?

கட்டுகிறபோது சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997இல் மயிலாப்பூர், 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி என்று தவணை முறையில் வந்தது. ஸ்டேஷன்களைப் பெரிது பெரிதாகக் கட்டினார்கள். மேல்தளங்களில் கடைகளும் அலுவலகங்களும் வரும், வாடகையில் ரயிலே ஓடும் என்பது எண்ணம். மந்தைவெளியிலோ கோட்டூர்புரத்திலோ இறங்கிப் பார்த்திருந்தால் தெரியும்: கிரிக்கெட் ஆடுகிற அளவுக்குக் காலிக் கூடம், ஓடாத எஸ்கலேட்டர், மங்கலான விளக்கு. வெளியே வந்தால் பஸ் நிற்கிற ரோடு எங்கே என்று தேட வேண்டும். பக்கிங்காம் கால்வாயின் மேல் போனதால் நிலம் எடுக்கிற தொல்லை குறைந்தது உண்மைதான். ஆனால் ஊர் எப்போதும் கால்வாய்க்கு முதுகைக் காட்டித்தான் நின்றது. ரயிலும் ஊரின் முதுகுப்புறமாகவே ஓடியது.

வேளச்சேரி வளர்ந்தது பறக்கும் ரயிலால் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நூறடி ரோடும் பைபாஸும் தரமணி ஐ.டி. வேலையும்தான் அதை வளர்த்தன. மால் எழுந்தது பிரதான ரோட்டு மேலே. ஸ்டேஷன் ஓர் ஓரமாகத் தள்ளி இருக்கிறது. பரங்கிமலை வரை மிச்சமிருந்த ஐந்து கிலோமீட்டர், நில எடுப்பில் சிக்கிப் பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. அந்த இணைப்பு 2010 வாக்கிலேயே வந்திருந்தால் தாம்பரத்துக்காரர் ஒரே மாற்றத்தில் தரமணி போயிருப்பார், நானும் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஆவடி, கும்மிடிப்பூண்டி பக்கம்?

அரக்கோணம் தடத்தில் டவர்கள் மெதுவாகத்தான் வருகின்றன. ஆவடியில் பாதுகாப்புத் துறை நிலம் பெரும் பகுதி. பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறந்த 21 மாடி டைடல் பார்க் கவனிக்க வேண்டியது: அது சந்தை தானாகக் கட்டிய டவர் இல்லை, அரசு கொண்டுபோய் நட்டது. அதைப் பார்த்துத் தனியார் வருவார்களா என்பது இனிமேல்தான் தெரியும்.

கும்மிடிப்பூண்டித் தடத்தில் எண்ணூர் வட்டாரத்து அனல்மின் நிலையங்களின் சாம்பலும் கெமிக்கல் வாடையும் இருக்கிறவரை உயர மாடிக்கு ஆசைப்படுகிறவர்கள் குறைவு. பெரம்பூர் வேறு கதை. பின்னி ஆலை நின்ற பரந்த நிலம் ஒரே துண்டாகக் கிடைத்ததால், ஸ்டேஷனிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில் நிஜமான டவர்கள் வந்தன. ரயிலும் பெரிய மனையும் ஒரே இடத்தில் சேர்வது சென்னையில் அபூர்வம். பெரும்பாலும் செத்துப்போன ஆலைதான் அந்த மனையைக் கொடுக்கிறது.

மும்பையில் ஸ்டேஷனைச் சுற்றியே மாடிகள் இருக்கின்றனவே?

அங்கே ஊரே தண்டவாளத்தின் மேல்தான் நிற்கிறது. தீபகற்பம்; விரிவதற்கு வடக்கைத் தவிர வழியில்லை. விரார், டோம்பிவிலி, கல்யாண் என்று லோக்கல் போகிற பக்கமெல்லாம் கட்டடம் போகிறது. நவி மும்பையில் இன்னும் ஒரு படி மேலே போய், நகரை உருவாக்கிய சிட்கோ நிறுவனம் ஸ்டேஷனையே அலுவலகக் கட்டடமாகக் கட்டியது. வாஷி, பேலாப்பூர் போனவர்களுக்குத் தெரியும். சீவுட்ஸ் ஸ்டேஷனுக்கு மேலேயே மால். பறக்கும் ரயிலில் நாம் செய்ய நினைத்து விட்டது அங்கே ஓரளவு நடந்தது. காரணம் எளிது: நிலமும் ஸ்டேஷன் கட்டடமும் ஊர்த் திட்டமும் ஒரே அமைப்பின் கையில் இருந்தன.

ஸ்டேஷன் வாசலிலேயே எவ்வளவு வேண்டுமானாலும் உயரமாகக் கட்டிக்கொள்ள விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. ஜப்பானில் கவாசாக்கி நகரத்தின் முசாஷி-கொசுகியைப் பார்க்கலாம். டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் நடுவே, தொழிற்சாலைகள் நிறைந்திருந்த புறநகர்ப் பகுதி. தொழிற்சாலைகள் போன இடத்தில் டவர்கள் முளைக்க ஆரம்பித்தன. 2010 மார்ச்சில் யோகோசுகா தடத்துக்கு அங்கே புதிய பிளாட்பாரம் திறந்தார்கள்; டோக்கியோ ஸ்டேஷனுக்கு நேரடி வண்டி. அதன்பின் கேட்கவே வேண்டாம், பத்துக்கும் மேற்பட்ட டவர்கள். பல நாடுகளின் திட்டக்காரர்கள் ஏங்குகிற மாதிரி எல்லாம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்.

விளைவு, காலையில் டிக்கெட் கேட்டுக்கு வெளியே தெருவரை வரிசை. ஸ்டேஷனுக்குள் நுழையவே காத்திருக்க வேண்டிய நிலை. டவர் எழும்ப இரண்டு, மூன்று வருடம் போதும். பிளாட்பாரத்தை அகலப்படுத்த அது போதாது. இரண்டாவது பிளாட்பாரம் 2022 டிசம்பரில்தான் வந்தது, முதலாவது திறந்து பன்னிரண்டு வருடம் கழித்து. இத்தனைக்கும் அது ஜப்பான்.

நடுவில் 2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயல். தாமா ஆற்றுத் தண்ணீர் வடிகால் வழியாகத் திரும்பி ஏறி ஊருக்குள் வந்தது. 47 மாடி டவர் ஒன்றின் அடித்தளத்தில் இருந்த மின்சார அறை மூழ்கியது. லிஃப்ட் இல்லை, பம்ப் ஓடாததால் மேலே தண்ணீர் இல்லை, கழிப்பறையைப் பயன்படுத்த முடியவில்லை. சில மணி நேரமல்ல, பல நாள். நாற்பதாவது மாடிக்காரர் வாளியோடு படியேறினார்.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் இருந்த நிலையைப் பார்த்தவர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. மேற்குத் தாம்பரம் பக்கம் வருகிற ஒவ்வொரு புது டவரிலும் ஜெனரேட்டரும் பேனல் அறையும் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். விற்பனைப் பெண்ணுக்குத் தெரியாது, சைட் இன்ஜினியரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்த பிறகு என்ன மாற்றம்?

விலை மாறியது. பயணம் அவ்வளவாக மாறவில்லை. 2023 டிசம்பர் 30 அன்று அத்தனை பெரிய புறநகர்ப் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள், ரயில் நிலையம் இல்லாமல். தண்டவாளமோ கண்ணெதிரே ஓடுகிறது. மதுரையிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்குகிறவர் மூட்டை முடிச்சோடு மாநகரப் பேருந்து ஏறி வண்டலூருக்கோ தாம்பரத்துக்கோ போய் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டிக்கும் திட்டத்தை வைத்து ஏற்கெனவே ஃப்ளாட் விற்கிறார்கள். தூண் எழும்பாத ரயிலுக்கு யாரும் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்டேஷன் பக்கத்து டவரிலும் கார் பார்க்கிங் கட்டாயமா?

ஆமாம். வீட்டின் பரப்பளவைப் பொறுத்து இத்தனை கார் என்று விதி இருக்கிறது. ஸ்டேஷன் வாசலா, காட்டுப் பக்கமா என்ற வித்தியாசம் பெரிதாகக் கிடையாது. 2017இல் மத்திய அரசு வெளியிட்ட போக்குவரத்து சார்ந்த வளர்ச்சிக் கொள்கை, ஸ்டேஷனிலிருந்து 500 முதல் 800 மீட்டருக்குள் அடர்த்தியைக் கூட்டி, கார் நிறுத்துமிடத்தைக் குறைக்கச் சொல்கிறது. நம் ஊரில் அடர்த்தியைக் கூட்டுவது மட்டும் எல்லோருக்கும் பிடிக்கிறது. பார்க்கிங்கைக் குறைத்தால் அந்தக் கார்கள் எதிர்த் தெருவில் நிற்கும் என்று அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஷேர் ஆட்டோ கூட ஒழுங்காக நிற்க இடமில்லாத ஸ்டேஷன் வாசலைச் சரி செய்யாமல் காரை விடு என்று சொன்னால் யார் விடுவார்கள்?

நங்கநல்லூர், குரோம்பேட்டையில் பழைய அபார்ட்மென்ட்களை இடித்துக் கட்டுகிறார்களே, அது லாபமா?

ஸ்டேஷன் பக்கத்து ஊர்களில் இப்போது உண்மையில் நடக்கிற மாற்றம் டவர் இல்லை, இதுதான். எண்பது, தொண்ணூறுகளில் குறியீடு 1.5 இருந்தபோது கட்டிய மூன்று மாடிக் கட்டடங்கள். இன்றைக்கு அதே மனையில் 2 கிடைக்கும், உயரமும் அறுபது அடிவரை போகலாம். 2,400 சதுர அடி மனையில் முன்பு 3,600 கட்டியிருந்தால் இப்போது 4,800. கூடுதலாகக் கிடைக்கிற 1,200-ஐ பில்டர் விற்றுக்கொள்வார். பழையவர்களுக்கு அதே அளவில் புது வீடு, லிஃப்டோடு.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் பில்டருக்கு அதில் பெரிய லாபமில்லை. அதனால் நிலத்தின் விலை உச்சத்தில் இருக்கிற, ரயில் நடக்கிற தூரத்தில் இருக்கிற தெருக்களில்தான் இது நடக்கும். உள்ளே தள்ளிப் போனால் கேட்க ஆளில்லை. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, அமலுக்கு வந்தது 2024இல். அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். ஒருவர் மறுத்தாலே எல்லாம் நின்றுபோன காலம் மாறியிருக்கிறது. ஆனாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் பிரிபடாத பாகம், அதாவது நிலத்தில் உங்கள் பங்கு, எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். கட்டடம் பழசாகும், மண்தான் விலை ஏறும்.

'ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம்' என்று பிரோஷரில் இருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?

நடந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட்டுக்கு அவர்கள் அனுப்புகிற காரில் போகாமல், திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஸ்டேஷனிலிருந்து இறங்கி நடந்து போங்கள். முதலில் தெரிவது தண்டவாளத்தின் எந்தப் பக்கம் டவர் இருக்கிறது என்பது. டிக்கெட் கவுன்டர் ஒரு பக்கம், டவர் மறுபக்கம் என்றால் நடை மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். கேட் போட்டிருந்தால் வண்டிகள் வரிசையாகப் போய் முடியும்வரை நிற்க வேண்டும். சுரங்கப்பாதை வரப்போகிறது என்பார்கள். குரோம்பேட்டை ராதா நகர்க்காரர்களைக் கேளுங்கள், ஒரு சுரங்கப்பாதைக்கு எத்தனை வருடம் காத்திருந்தோம் என்று கதை கதையாகச் சொல்வார்கள். வந்த பிறகும் மழைக்காலத்தில் சப்வேயில் முட்டி அளவு தண்ணீர் நின்றால் அது இல்லாத கணக்கு.

அப்புறம் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடப்பது. மேப்பில் 400 மீட்டர் என்று காட்டும் இடத்தில், நடுவில் உள்ள தடுப்புச் சுவரில் கடக்க வழி எங்கே என்று பாருங்கள். இரவு ஒன்பதரைக்கு ஒருமுறை வீட்டுப் பெண்களோடு அதே வழியில் நடந்து பார்ப்பது நல்லது. தெரு விளக்கு எரிகிறதா, டாஸ்மாக் நடுவில் வருகிறதா என்பதெல்லாம் பிரோஷரில் இருக்காது.

உங்களுக்கு ஏற வேண்டிய நேரத்தில் அந்த ஸ்டேஷனில் எத்தனை வண்டி நிற்கிறது என்று கால அட்டவணையைப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் பத்து ரூபாய் டிக்கெட் என்பது இந்த நகரத்தின் பெரிய சலுகை. வண்டி கிடைத்தால்தான் அது சலுகை. 2023 ஆகஸ்டில் நாலாவது பாதைப் பணிக்காகப் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். கடற்கரை வரை மறுபடி ஓட ஒரு வருடத்துக்கு மேலானது. ரயிலை நம்பி வீடு வாங்குகிறவர் மாற்று பஸ் ரூட்டையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பேப்பர் விஷயத்தில் இரண்டே இரண்டு. அப்ரூவல் பிளானில் எத்தனை மாடி என்பதும் விமான நிலைய ஆணையச் சான்றில் எவ்வளவு உயரம் என்பதும் பொருந்துகின்றனவா? தண்டவாள எல்லையை ஒட்டிய மனையென்றால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று இருக்கிறதா? ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணை வைத்து அவர்கள் இணையதளத்தில் பிளானை எடுத்துப் பார்த்துவிடலாம்.

எத்தனையாவது மாடியில் ரயில் சத்தம் கேட்காது?

உயரே போனால் சத்தம் குறையும் என்று நினைக்கிறார்கள், பல இடங்களில் அது நேர்மாறு. முதல் மாடிக்கு முன்னால் காம்பவுண்டு சுவர், மரம், எதிர்வீடு என்று மறைப்பு உண்டு. ஏழாவது, எட்டாவது மாடியில் எதுவும் இல்லை. ஹாரன் நேராகப் படுக்கையறைக்கு வரும். மின்சார ரயிலின் ஓட்டச் சத்தம் சில நாளில் பழகிவிடும். பழகாதது கேட் அருகே எக்ஸ்பிரஸ்களும் சரக்கு வண்டிகளும் அடிக்கிற ஹாரன். வீட்டுக்கும் ரயில்வே கேட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள், மாடி எண்ணைவிட அது முக்கியம். தண்டவாளத்தைப் பார்க்கிற பக்கம் சமையலறையும் குளியலறையும் இருந்து, படுக்கையறைகள் மறுபக்கம் இருக்கிற பிளான் கிடைத்தால் சதுர அடிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.